ஈஆர்பிநெக்ஸ்டில் மெயின்டனன்ஸ் துறையும் டீமும்: எங்கே சிக்குகிறது, எப்படி எடுப்பது

"துறை போட்டாச்சு, டீமும் போட்டாச்சு, ஆனா ஃபிட்டருக்கு ஒரு வேலையும் வரல." நிறுவன நிர்வாக மென்பொருளான ஈஆர்பிநெக்ஸ்டில், மெஷின்களின் பராமரிப்பைக் கவனிக்கும் அசெட் மெயின்டனன்ஸ் பகுதியை முதல்முறை அமைப்பவர்களிடம் நான் அதிகம் கேட்டது இதைத்தான். கோவைப் பக்கம் ஒரு சின்ன மெஷினிங் யூனிட்டில் இதை அமைத்தபோது நானே இரண்டு நாள் இதில் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

குழப்பத்தின் வேர் ஒன்றுதான். தொழிற்சாலையில் "மெயின்டனன்ஸ்" என்பது ஒரே விஷயம்: ஒரு அறை, ஒரு ஃபோர்மேன், நாலைந்து ஆட்கள். மென்பொருளுக்குள் அது மூன்று தனித்தனி விஷயங்கள். துறை, ஊழியர் பதிவோடு ஒட்டியது. டீம், லாகின் உள்ள யூசரோடு ஒட்டியது. எதைத் திறக்கலாம், எதில் எழுதலாம் என்பதை ரோல் முடிவு செய்கிறது. இந்த மூன்றும் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஒருவரை மெயின்டனன்ஸ் துறையில் சேர்த்தால் அவர் டீமில் சேர மாட்டார். டீமில் சேர்த்தால் அனுமதி வராது. கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல், ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றது தானாக நடக்கும் என்று காத்திருந்ததால் வந்தவை.

இங்கே சொல்வது 14, 15 பதிப்புகளைப் பார்த்துச் சொல்வது. திரைப் பெயர்களை ஆங்கில மெனுவில் உள்ளபடியே தமிழ் எழுத்தில் தருகிறேன், தேடிக் கண்டுபிடிக்க வசதியாக இருக்கும்.

டீமில் ஆளைச் சேர்க்கப் போனால் பெயரே வரவில்லை

"அசெட் மெயின்டனன்ஸ் டீம்" படிவத்தில் உறுப்பினர் அட்டவணை இருக்கிறது. அதில் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. ஊழியர் பட்டியலில் அந்த ஆள் சுத்தமாக இருக்கிறார், துறையும் சரி, பதவியும் சரி. பிறகு ஏன் வரவில்லை? அந்தக் கட்டம் ஊழியரைத் தேடுவதில்லை, யூசரைத் தேடுகிறது. லாகின் இல்லாத ஃபிட்டர் அதற்குக் கண்ணிலேயே படமாட்டார்.

யூசர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உருவாக்க வேண்டியதுதான். இருந்தும் வரவில்லையென்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, "எனேபிள்டு" டிக் எடுக்கப்பட்டிருக்கும். இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது: அந்த யூசரின் வகை "வெப்சைட் யூசர்" என்று இருக்கும். உள் திரைகளைத் திறக்க வழிவிடும் ரோல் ஒன்றுகூடக் கொடுக்காவிட்டால் அவரை அப்படித்தான் வகைப்படுத்தும், தேடலிலும் காட்டாது. பொருத்தமான ரோல் ஒன்றைக் கொடுத்துச் சேமித்தால் "சிஸ்டம் யூசர்" ஆகிவிடுவார், பெயரும் வந்துவிடும்.

அடுத்த கேள்வி உடனே வரும்: "ஃபிட்டருக்கு ஈமெயிலே கிடையாதே?" யூசரை உருவாக்க ஈமெயில் வடிவத்தில் ஒரு முகவரி வேண்டும், உண்மைதான். கம்பெனி டொமைனிலேயே ஒரு முகவரியைக் கொடுத்து, "சென்ட் வெல்கம் ஈமெயில்" டிக்கை எடுத்துவிட்டு, கடவுச்சொல்லை நீங்களே போட்டுக் கொடுங்கள். உள்ளே நுழைய அந்த நீளமான முகவரியை அவர் தட்டச்சு செய்யத் தேவையில்லை. "சிஸ்டம் செட்டிங்ஸ்" பக்கத்தில் மொபைல் எண்ணாலோ யூசர் பெயராலோ நுழைய அனுமதிக்கும் டிக்குகள் இருக்கின்றன. மொபைல் எண் எல்லோருக்கும் மனப்பாடம்.

டீம் முழுவதற்கும் ஒரே லாகின் என்று போட ஆசை வரும், செலவும் குறைச்சல், வேலையும் குறைச்சல். நான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். இரவு ஷிஃப்டில் கம்ப்ரசரின் வடிகட்டியை யார் மாற்றினார் என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால், பதிவில் "மெயின்டனன்ஸ்" என்று மட்டும் இருக்கும். எல்லோருக்கும் லாகின் தர முடியாது என்றால், ஷிஃப்ட் பொறுப்பாளர்களுக்கு மட்டும் தனித்தனியாகக் கொடுங்கள். கையில் ஸ்பேனர் பிடிப்பவர் பெயரைச் செய்த வேலைக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம்.

டீமில் பெயர் இருக்கிறது, வேலை ஒதுக்கும்போது வரவில்லை

"அசெட் மெயின்டனன்ஸ்" படிவத்தில் "அசைன் டு" கட்டம், மேலே தேர்ந்தெடுத்த டீமின் உறுப்பினர்களை மட்டுமே காட்டும். மேலே எலக்ட்ரிக்கல் டீம் இருந்து, நீங்கள் மெக்கானிக்கல் ஆளைத் தேடினால் வராது. டீம் சரிதான் என்றால், அந்த டீம் படிவம் சேமிக்கப்பட்டதா என்று பாருங்கள். அட்டவணையில் வரி சேர்த்துவிட்டு, சேமிக்காமல் டேபை மூடிவிடுவது எல்லோரும் செய்வதுதான்.

இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுச் சேமிக்கவும் முடியாது. இன்ன வரியில் உள்ள வேலையை ஒரு உறுப்பினருக்கு ஒதுக்கு என்று கேட்டு நிறுத்திவிடும்.

துறைப் பட்டியலில் மெயின்டனன்ஸே இல்லை, அல்லது பெயருக்குப் பின்னால் ஏதோ எழுத்துகள்

முதல்முறை நிறுவும்போது அக்கவுண்ட்ஸ், புரொடக்‌ஷன், டிஸ்பாட்ச், குவாலிட்டி மேனேஜ்மென்ட் என்று சில துறைகள் தானாக வரும். அந்தப் பட்டியலில் மெயின்டனன்ஸ் கிடையாது. "ஆல் டிபார்ட்மென்ட்ஸ்" என்ற வேருக்குக் கீழே நாம்தான் சேர்க்க வேண்டும். அதற்குள் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று பிரிக்கும் எண்ணம் இருந்தால், சேர்க்கும்போதே "ஈஸ் குரூப்" டிக் போட்டுவிடுங்கள்.

பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் எழுத்துகள் கம்பெனியின் சுருக்கம். அது பிழையில்லை. ஒரே மென்பொருளில் இரண்டு கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு மெயின்டனன்ஸ் துறைகள் மோதாமல் இருக்க இந்த ஏற்பாடு. டீமுக்கு இந்த வசதி இல்லை. முதல் கம்பெனியில் "மெக்கானிக்கல்" என்று டீம் போட்டுவிட்டால், இரண்டாவது கம்பெனியில் அதே பெயரைப் போட முடியாது, ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லிவிடும். ஆகவே டீம் பெயரிலேயே யூனிட்டைச் சேர்த்து எழுதுவது நல்லது: "யூனிட் 2 மெக்கானிக்கல்" மாதிரி.

சொந்த மெஷினுக்குப் பராமரிப்பு போடப் போனால் வாடிக்கையாளர் யார் என்று கேட்கிறது

தப்பான கதவு. தேடுபெட்டியில் "மெயின்டனன்ஸ்" என்று தட்டினால் "மெயின்டனன்ஸ் ஷெட்யூல்", "மெயின்டனன்ஸ் விசிட்" என்று இரண்டு வரும். இவை நாம் விற்ற சாமானுக்கு வாடிக்கையாளர் இடத்துக்குப் போய்ச் செய்யும் சர்வீஸுக்கானவை. நம் கம்பெனியின் லேத்துக்கும் டிஜி செட்டுக்கும் (டீசல் ஜெனரேட்டர்) வேண்டியது "அசெட்" என்ற சொல்லோடு தொடங்கும் "அசெட் மெயின்டனன்ஸ்". திடீரென்று பழுதானதைப் பதிய "அசெட் ரிப்பேர்" என்று இன்னொன்று தனியாக இருக்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு குறை: அசெட் படிவத்தில் "மெயின்டெய்ன் அசெட்" பொத்தான் வரவில்லை என்பது. அந்த அசெட் வரைவாகவே கிடக்கிறதா, "மெயின்டனன்ஸ் ரிகொயர்டு" டிக் போட்டிருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். ஒரு மெஷினுக்கு ஒரே ஒரு அசெட் மெயின்டனன்ஸ் பதிவுதான் இருக்க முடியும். கிரீஸ் போடுவதற்கு ஒன்று, பெல்ட் பார்ப்பதற்கு ஒன்று என்று இரண்டாவது போடப் போனால் மறுத்துவிடும். ஒரே பதிவுக்குள் இரண்டு வரிகளாகப் போட வேண்டும்.

ஃபிட்டருக்கு மெஷினே தெரியவில்லை

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். வேலை ஒதுக்கியாகிவிட்டது, பராமரிப்புப் பதிவும் அவருக்குத் திறக்கிறது. ஆனால் அதில் உள்ள மெஷின் பெயரை அழுத்தினால் அனுமதி இல்லை என்கிறது. அசெட் பட்டியலைத் திறந்தால் நாற்பது மெஷின் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று நிற்கிறது: மெயின்டனன்ஸ் அறையில் இருக்கும் வெல்டிங் செட், பெஞ்ச் கிரைண்டர், ஒரு டிரில்.

அந்த மூன்றுதான் துப்பு. யாரோ ஒருவர், பெரும்பாலும் நாமே, இந்த ஃபிட்டருக்கு "யூசர் பெர்மிஷன்" போட்டு, துறை என்ற இடத்தில் மெயின்டனன்ஸைக் கொடுத்திருப்போம். நம் மனதில் இருந்தது "இவர் மெயின்டனன்ஸ் ஆள், அதைச் சொல்லி வைப்போம்" என்பது. மென்பொருள் புரிந்துகொண்டது வேறு: "துறை என்ற கட்டம் எந்தப் பதிவில் இருந்தாலும், அதில் மெயின்டனன்ஸ் இருந்தால் மட்டும் இவருக்குக் காட்டு." அசெட் படிவத்தில் துறை என்ற கட்டம் இருக்கிறது. சிஎன்சி மெஷின்களின் துறை புரொடக்‌ஷன். ஆகவே அவர் பழுது பார்க்க வேண்டிய மெஷின்கள் அத்தனையும் அவர் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன. மெயின்டனன்ஸ் ஆளின் வேலையே அடுத்த துறைக்குள் நுழைவதுதான் என்பது மென்பொருளுக்குத் தெரியாது.

உறுதிப்படுத்த ஒரு வழி: மறைந்த மெஷின்களில் ஒன்றின் இணைப்பை நகலெடுத்து, அந்த ஃபிட்டரின் லாகினில் நேரடியாகத் திறந்து பாருங்கள். பட்டியல் வாய் திறக்காமல் மறைத்துவிடும். நேரடியாகத் திறந்தால் எந்தக் கட்டத்தில் உள்ள எந்த மதிப்பால் தடுக்கப்பட்டது என்று செய்தியில் வரும். துறை என்று வந்தால் காரணம் இதுதான்.

சரிசெய்ய இரண்டு வழி. அந்த யூசர் பெர்மிஷன் எதற்குப் போட்டோம் என்றே நினைவில்லையென்றால், அழித்துவிடுங்கள். விடுப்பு விண்ணப்பம் போன்ற ஏதாவது ஒன்றுக்கு மட்டும் தேவை என்றால், அதைத் திறந்து "அப்ளை டு ஆல் டாக்குமெண்ட் டைப்ஸ்" டிக்கை எடுத்துவிட்டு, எந்தப் படிவத்துக்குப் பொருந்த வேண்டுமோ அதைக் கீழே குறிப்பிடுங்கள். அப்புறம் அசெட் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

செய்தியில் துறைக்குப் பதில் "கஸ்டோடியன்" (மெஷினின் பொறுப்பாளர்) என்று வந்தால், ஊழியர் பதிவைப் பாருங்கள். அங்கே யூசரை இணைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் "கிரியேட் யூசர் பெர்மிஷன்" என்று ஒரு டிக் இருக்கிறது. அது இருந்தால், இவர் தன் பெயருள்ள பதிவுகளை மட்டும் பார்க்கும்படி ஒரு கட்டுப்பாடு தானாக உருவாகும். மெஷினின் பொறுப்பாளராக வேறொருவர் பெயர் இருந்தால் அதுவும் இதே மாதிரி மறையக்கூடும். மருந்தும் அதேதான்.

ஒரு எச்சரிக்கை. துறை கட்டம் காலியாக உள்ள அசெட்டுகள் மட்டும் தெரிகின்றன, மற்றவை தெரியவில்லை என்று சிலர் சொல்வார்கள். உடனே எல்லா மெஷினிலும் துறையைக் காலி செய்துவிட்டால் போதும் என்று கிளம்பாதீர்கள். "சிஸ்டம் செட்டிங்ஸ்" பக்கத்தில் "அப்ளை ஸ்ட்ரிக்ட் யூசர் பெர்மிஷன்ஸ்" என்ற டிக்கை யாராவது போட்ட நாளில் காலியானவையும் மறைந்துவிடும். துறை வாரியாகச் செலவு பார்க்கும் அக்கவுண்ட்ஸ்காரர் அதற்கு முன்பே உங்களைத் தேடி வந்துவிடுவார்.

பதிவு திறக்கிறது, ஆனால் வேலை முடிந்ததாகப் போட முடியவில்லை

டீம் அட்டவணையில் "மெயின்டனன்ஸ் ரோல்" என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் ரோலைத் தேர்ந்தெடுத்ததும் அனுமதியும் வந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். அது வெறும் பெயர்ப்பலகை. உண்மையான ரோல், யூசர் படிவத்தில் கொடுப்பதுதான்.

அப்படியானால் பதிவு எப்படித் திறந்தது? அனுமதி இல்லாத ஒருவருக்கு வேலை ஒதுக்கினால், அந்த ஒரு பதிவை மட்டும் பார்ப்பதற்காக அவரோடு பகிர்ந்துவிடும். பார்க்கலாம், எழுத முடியாது.

எந்த ரோலைக் கொடுப்பது என்று பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். "மெயின்டனன்ஸ் யூசர்", "மெயின்டனன்ஸ் மேனேஜர்" என்ற ரோல்களைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகும். அவை மேலே சொன்ன வாடிக்கையாளர் சர்வீஸ் பக்கத்துக்கு உரியவை. "ரோல் பெர்மிஷன்ஸ் மேனேஜர்" திறந்து, "அசெட் மெயின்டனன்ஸ் லாக்" (ஒவ்வொரு வேலையும் முடிந்ததா என்று குறிக்கும் பதிவு) என்பதைத் தேர்ந்தெடுத்து, எழுதவும் சமர்ப்பிக்கவும் எந்த ரோலுக்கு உரிமை இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். நான் ஃபிட்டர்களுக்கென்றே தனியாக ஒரு ரோல் உருவாக்கி, அதற்கு லாக்கை உருவாக்க, எழுத, சமர்ப்பிக்கவும், அசெட் மெயின்டனன்ஸ் பதிவில் எழுதவும் மட்டும் உரிமை கொடுப்பேன்; லாக்கைச் சமர்ப்பிக்கும்போது அந்தப் பதிவும் சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. உற்பத்திப் பக்கத்து ரோலைக் கொடுத்தால் ஒர்க் ஆர்டர் வரை கை நீளும்.

ரோல் சரியாக இருந்தும் மறுத்தால், நிலையையும் தேதியையும் பாருங்கள். "கம்ப்ளீட்டட்" என்று போட்டால் முடித்த தேதி கட்டாயம். தேதியைப் போட்டுவிட்டு நிலையை "பிளான்டு" என்றே விட்டாலும் ஒத்துக்கொள்ளாது. அப்புறம், சேமித்தால் மட்டும் போதாது, "சப்மிட்" செய்ய வேண்டும். அடுத்த தேதி நகர்வது அப்போதுதான். "எல்லாம் முடிச்சுட்டேன் சார், இன்னும் சிவப்பாவே இருக்கு" என்பவர் பெரும்பாலும் சப்மிட் செய்யாதவர்.

இந்த வாரம் மெஷின் ஓடவில்லை, இந்த ஒரு முறை மட்டும் தாண்டலாம் என்று லாக்கில் "கேன்சல்டு" போடாதீர்கள். மூலப் பதிவில் உள்ள அந்த வேலையும் ரத்து என்று குறிக்கப்பட்டுவிடும்.

இரண்டு வேலை கொடுத்தேன், டூடூவில் ஒன்றுதான் வந்தது

டூடூ என்பது ஒவ்வொருவருக்கும் உள்ள செய்ய வேண்டியவற்றின் பட்டியல். ஒரே மெஷின், ஒரே ஆள், இரண்டு வேலைகள் என்றால் இப்படித்தான் நடக்கும். வேலையை ஒதுக்கும்போது, அந்த மெஷினின் பராமரிப்புப் பதிவுக்கு இந்த ஆளிடம் ஏற்கெனவே திறந்த டூடூ இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் இன்னொன்றைப் போடுவதில்லை. முதல் வரியின் வேலை மட்டும் அவர் பட்டியலில் நிற்கும்.

பழைய டூடூவை மூடாமல் விட்டாலும் இதே கதை. லாக்கைச் சமர்ப்பித்ததும் டூடூ தானாக மூடிக்கொள்ளும் என்று நம்பி இருக்க வேண்டாம், கையோடு மூடும் பழக்கத்தை ஆட்களுக்குக் கற்றுக்கொடுங்கள். இன்னும் சொன்னால், ஃபிட்டரின் அன்றாடப் பட்டியலாக டூடூவை வைக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. ஒவ்வொரு வேலை வரிக்கும் தனியாக ஒரு அசெட் மெயின்டனன்ஸ் லாக் உருவாகிறது. அந்தப் பட்டியலை நிலை, தேதி வாரியாக வடிகட்டிச் சேமித்து, காலையில் அதைத் திறக்கச் சொல்லுங்கள். நாட்காட்டி வடிவிலும் பார்க்கலாம், ஃபோர்மேன்களுக்கு அது பிடிக்கிறது.

முதல் தேதி தள்ளி விழுகிறது, பிறகு மாதாமாதம் நழுவுகிறது

காலாண்டு வேலைக்கு இன்றைய தேதியைத் தொடக்கமாகப் போட்டால், முதல் வேலை இன்று வராது, மூன்று மாதம் கழித்துத்தான் வரும். தொடக்க தேதியோடு ஒரு சுற்றைக் கூட்டி அடுத்த தேதியைக் கணக்கிடுகிறது. முதல் வேலை இன்றே வேண்டுமென்றால் தொடக்க தேதியை மூன்று மாதம் முன்னால் போடுங்கள்.

நழுவுவதற்குக் காரணம், அடுத்த சுற்று முடித்த தேதியிலிருந்து எண்ணப்படுவது. 5ஆம் தேதி போட வேண்டிய கிரீஸை 12ஆம் தேதி போட்டால், அடுத்தது அடுத்த மாதம் 12. கிரீஸுக்கு இது நியாயம்தான். அளவுக் கருவிகளின் கேலிபரேஷனில் (துல்லியச் சோதனை) ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நழுவினால் தணிக்கையில் கேள்வி வரும். அதற்காக முடித்த தேதியை உண்மையை விட முந்தையதாகப் போடாதீர்கள், இணைக்கும் சான்றிதழில் உள்ள தேதியோடு அது ஒத்துப்போக வேண்டும். கெடுவுக்கு முன்பே கருவியை அனுப்பி வாங்கிவிடுவதுதான் வழி.

அடுத்த தேதி காலியாகவே நின்றால், "எண்ட் டேட்" பாருங்கள். அதில் தேதி போட்டிருந்தால் அடுத்த தேதி காலியாக நிற்கலாம்.

இத்தனை மணி நேரம் ஓடினால் ஆயில் மாற்று என்ற கணக்கு இந்தப் படிவத்தில் இல்லை. நாள், வாரம், மாதம், காலாண்டு, வருடம் என்ற வகைதான். டிஜி செட்டுக்கு வாரம் ஒரு முறை மணிமீட்டர் பார்ப்பதை ஒரு வேலையாகப் போட்டுச் சமாளிக்கலாம்.

கெடு தாண்டியும் "ஓவர்டியூ" ஆகவில்லை, மெயிலும் வரவில்லை

லாக்கின் நிலையை மாற்றுவது தினமும் ஒரு முறை பின்னணியில் ஓடும் வேலை. இப்படிப்பட்ட வேலைகளை ஓட்டும் ஷெட்யூலர் நின்றிருந்தால் அதுவும் நிற்கும், மெயிலும் நிற்கும். இரண்டும் ஒன்றாக நின்றால் சந்தேகமே வேண்டாம், சர்வரில் "பெஞ்ச் டாக்டர்" கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். வேறொரு சர்வருக்கு மாற்றிய பிறகு ஷெட்யூலரை இயக்க மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கும்.

மெயில் மட்டும் வரவில்லை என்றால், இயல்பான வெளிச்செல்லும் ஈமெயில் கணக்கு இருக்கிறதா, அந்த யூசரின் "நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸ்" பக்கத்தில் ஒதுக்கீடுகளுக்கு மெயில் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பு சொன்னபடி பேருக்கு ஒரு முகவரி கொடுத்த ஃபிட்டருக்கு மெயில் எங்கேயும் போய்ச் சேராது என்பதும் நினைவிருக்கட்டும்.

விடுப்பு விண்ணப்பம் மெயின்டனன்ஸ் மேனேஜரிடம் போகவில்லை

டீமில் மேனேஜராகப் போட்டவருக்கும் விடுப்புக்கும் சம்பந்தமில்லை. ஊழியர் பதிவில் விடுப்பு ஒப்புதலாளர் இருந்தால் அவர், இல்லாவிட்டால் துறையின் ஒப்புதல் பட்டியலில் முதல் வரியில் இருப்பவர். அங்கே போய் மாற்றுங்கள். 14ஆம் பதிப்பிலிருந்து விடுப்பு, சம்பளம் எல்லாம் "ஃபிராப்பே எச்ஆர்" என்ற தனிச் செயலிக்குப் போய்விட்டன. அதை நிறுவாவிட்டால் இந்தக் கட்டங்களே தெரியாது.

ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார், வேலைகள் இன்னும் அவர் பெயரில்

யூசரை முடக்கினால் லாகின் மட்டும்தான் போகும். அவர் பெயரில் உள்ள வேலைகள் அப்படியே கிடக்கும், யார் கண்ணிலும் படாமல் கெடு தாண்டிக்கொண்டிருக்கும். அதனால் வரிசை முக்கியம். முதலில் புது ஆளை டீமில் சேர்த்துச் சேமியுங்கள். பிறகு பழையவர் பெயருள்ள ஒவ்வொரு அசெட் மெயின்டனன்ஸையும் திறந்து "அசைன் டு" மாற்றிச் சேமியுங்கள். திறந்திருக்கும் லாக்குகளில் பெயர் தானாக மாறிவிடும். பழையவரின் டூடூக்கள் மாறாது, அவற்றை நீங்களே மூட வேண்டும். கடைசியாக டீமிலிருந்து அவரை எடுத்துவிட்டு, யூசரை முடக்குங்கள். அவருடைய யூசர் பதிவை அழிக்க வேண்டாம், அவர் முடித்த வேலைகளில் அந்தப் பெயர் நிற்க வேண்டும்.